இல்லறப் பக்கம்: மளிகைக் கடையும் மழலைச் செல்வங்களும்

சனிக்கிழமை மாலை மாட்டுங்காவின் கடைத்தெருவில் கால்மணி நேரம் நின்று பார்ப்பவருக்கு நம் குடும்பங்களின் நிலை முழுவதும் விளங்கிவிடும். ஒரு கையில் வாழையிலைச் சுருளும் காய்கறிப் பையுமாக ஒரு தாய். மறு கையில் மூன்று வயதுப் பிள்ளை. அப்பிள்ளை மல்லிகைச் சரத்தை எட்டிப் பிடிக்கிறது; காப்பிப்பொடி அரைக்கும் இயந்திரத்தைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுகிறது; மிட்டாய்ப் புட்டியைக் கண்டால் தரையில் அமர்ந்துவிடுகிறது. தந்தையார் சற்றுப் பின்னே, தாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர் என்பதுபோல், கைப்பேசியைப் பார்த்தவண்ணம் வருகிறார். இக்காட்சியைக் கண்டு நகைக்கும் உரிமை நமக்கில்லை. பல சனிக்கிழமைகளில் அந்தத் தந்தையாக நாமே நடந்திருக்கிறோம்.

சிறு குழந்தைகளை அழைத்துக்கொண்டு மளிகை வாங்கப் போவது எங்கும் எளிய காரியம் அன்று. ஆயினும் வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு அது இன்னும் சற்றுக் கடினம். ஊரில் என்றால், “பாட்டியிடம் இரு, இதோ வந்துவிடுகிறேன்” என்று சொல்லிவிட்டுப் புறப்படலாம். அத்தையோ சித்தியோ, அவர்களும் இல்லையேல் எதிர்வீட்டு அம்மாளோ பார்த்துக்கொள்வார்கள். இங்கே இரண்டறை வீட்டைப் பூட்டினால் உள்ளே ஒருவரும் இல்லை. ஆகவே குழந்தையும் கடைக்கு வந்தே தீரவேண்டியிருக்கிறது.

“இந்தத் தொல்லை எதற்கு? கைப்பேசியில் விரலை வைத்தால் சில நிமிடங்களில் அரிசியும் பருப்பும் வாயிற்படிக்கு வருகின்றனவே!” என்று அன்பர் சிலர் கேட்கலாம். உண்மைதான். வேலைக்குச் சென்று களைத்துத் திரும்பும் தாய்க்கு அது பெரிய உதவி. அதனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. எனினும் மாதத்திற்கு இரண்டு முறையேனும் பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள் என்றே நாம் சொல்லுவோம். அதற்குக் காரணமாக அமைந்தது நம் இல்லத்திலேயே நிகழ்ந்த ஒன்று. அதைச் சொல்ல முதலில் தயங்கினோம். சொன்னால் நம்மைப்போன்ற பிறருக்கும் பயன்படக்கூடும் என்று கருதி எழுதுகிறோம்.

அப்பொழுது நம் மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு மூன்று. வீட்டருகே உள்ள ஒரு பலசரக்குக் கடைக்கு நால்வருமாகச் சென்றிருந்தோம். நம் துணைவியார் மணமாகி இந்நகருக்கு வந்தவர். இந்தியும் மராத்தியும் காதால் கேட்டே கற்றுக்கொண்டவர். உளுத்தம்பருப்பு வேண்டுமென்று இந்தியில் கேட்டார். ‘உடத்’ என்னும் சொல் அவருடைய வாயில் ‘உதட்’ என்று புரண்டுவிட்டது. கடைப்பையன் புரியாதவன்போல் இரண்டு முறை திரும்பக் கேட்டான். பிறகு அடுத்து நின்றவனைப் பார்த்துச் சிரித்தான். அதில் பெரிய தீமை ஏதும் இல்லை. இளம்பிள்ளையின் விளையாட்டுச் சிரிப்புத்தான். ஆனால் நம் மகள் முகம் சிவந்தாள். தாயின் புடைவைத் தலைப்பை இழுத்துத் தாழ்ந்த குரலில், “அம்மா, நீ பேசாதே, நான் கேட்கிறேன்” என்றாள். பிறகு தெளிவான இந்தியில், தட்டுத்தடுமாறாமல், பட்டியல் முழுவதையும் சொல்லி வாங்கினாள்.

நாம் செய்தது என்ன? “பார்த்தாயா, எவ்வளவு அழகாகப் பேசுகிறாள்!” என்று மகளின் தலையைத் தடவிக்கொடுத்தோம். துணைவியார் ஒன்றும் சொல்லவில்லை. வீடு வந்து சேரும்வரை ஒன்றும் சொல்லவில்லை. இரவு சமையலறையில் உளுந்தைப் புட்டியில் கொட்டிக்கொண்டே, “இனிமேல் கடைக்கு நீங்களும் அவளும் போய்வாருங்கள். நான் வரவில்லை” என்றார். அப்பொழுதுதான் நாம் செய்த பிழை நமக்குத் தெரிந்தது. மகள் தாயின் வாயை மூடினாள். நாம் அதற்குப் பரிசு வழங்கினோம்!

வெளியூரில் வளரும் குழந்தைகள் பெற்றோரைக் காட்டிலும் விரைவில் அவ்வூர் மொழியைப் பேசக் கற்றுக்கொள்வது இயல்பு. பள்ளியும் விளையாட்டு மைதானமும் அவர்களுக்கு ஆசிரியர்களாக அமைகின்றன. அதனால் வீட்டிலே குழந்தையே துபாசி ஆகிவிடுகிறது. எரிவாயு உருளை கொண்டுவருபவரிடமும், மின்சாரம் பழுது பார்ப்பவரிடமும், கடைக்காரரிடமும் பேசும் பொறுப்பு அதன் தலையில் விழுகிறது. துபாசியாக இருப்பது தவறன்று. அது ஒரு திறமை. ஆனால் தெரிந்தவர் உயர்ந்தவர், தெரியாதவர் தாழ்ந்தவர் என்னும் எண்ணம் அத்திறமையோடு ஒட்டிக்கொண்டு வருமாயின், அக்குழந்தை முதலில் இழப்பது தாயிடம் கொண்ட மதிப்பை. அடுத்து இழப்பது தாய் பேசும் மொழியின்மீது கொண்ட மதிப்பை.

இதற்கு என்ன செய்வது என்று சில நாட்கள் எண்ணினோம். மகளை உட்காரவைத்து அறிவுரை கூறலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அறிவுரை எவ்வளவு தூரம் செல்லும்? ஆகவே அடுத்த வாரம் மாட்டுங்காவில் தமிழ் பேசுவோர் நடத்தும் ஒரு கடைக்கு அழைத்துச் சென்றோம். பட்டியலை மகள் கையிலேயே கொடுத்து, “இன்றும் நீயே வாங்கு, ஆனால் இங்கே தமிழில் கேட்க வேண்டும்” என்றோம். அவளும் உற்சாகமாக முன்னே சென்றாள். “அரிசி” என்றாள்; வந்தது. “பருப்பு” என்றாள். “எந்தப் பருப்பு, குழந்தாய்?” என்று கேட்டார் முதியவராகிய கடைக்காரர். அவள் விழித்தாள். “தூர் தால்” என்றாள். அடுத்து “ஜீரா” என்றாள், “ராயீ” என்றாள், பிறகு நாவெழாமல் நின்றுவிட்டாள். பட்டியலை நாம் ஆங்கில எழுத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தோம். பொருள்களின் தமிழ்ப் பெயர் அவளுக்குத் தெரியாது.

அம்முதியவர் சிரிக்கவில்லை. ஒரு சிட்டிகை கடுகை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, “இது கடுகு” என்றார். அதன் பக்கத்தில் நாலு மணி வெந்தயம் வைத்து, “இது வெந்தயம்” என்றார். சீரகத்தை வைத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். மூன்றையும் வைத்துக்கொண்டு அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். “அம்மா, உனக்கு இவையெல்லாம் தெரியுமா?” என்று கேட்டாள். துணைவியார், “கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்” என்றார். உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டு, கடைக்காரர் கொடுத்த எட்டுப் பொருள்களையும் மணத்தாலேயே சொன்னார். அன்று மாலை நம் மகளின் பார்வையில் ஏற்பட்ட மாறுதலை எழுத்தில் வடிக்க இயலாது.

அன்றிரவே ஒரு குறிப்பேடு தொடங்கினோம். பக்கத்தின் ஒருபுறம் தமிழ்ப் பெயர்; அதை எழுதவேண்டியவள் மகள்; சொல்லிக்கொடுப்பவர் தாய். மறுபுறம் இந்தி, மராத்திப் பெயர்கள். அங்கே ஆசிரியை மகள், மாணவி தாய். அந்த ஏட்டில் உள்ளவற்றைச் சிறிது விரித்து வாசகர்களுக்கும் தருகிறோம்.

நம் துவரம்பருப்பு இந்தியில் அர்ஹர் அல்லது தூர், மராத்தியிலும் தூர், கன்னடத்தில் தொகரி பேளே. உளுத்தம்பருப்பு இந்தியில் உடத், மராத்தியில் உடீத், கன்னடத்தில் உத்தின பேளே. கடலைப்பருப்பு இந்தியில் சனா தால், மராத்தியில் ஹர்பரா, வங்காளத்தில் சோலார் டால், கன்னடத்தில் கடலே பேளே. பாசிப்பருப்பு இந்தியில் மூங், மராத்தியில் மூக், கன்னடத்தில் ஹெசரு பேளே. கடுகு இந்தியில் ராயீ, மராத்தியில் மோஹரி, வங்காளத்தில் சர்ஷே, கன்னடத்தில் சாசிவெ. வெல்லம் இந்தியிலும் வங்காளத்திலும் குட், கன்னடத்திலோ பெல்ல, அது நம் வெல்லத்தின் உடன்பிறப்பு என்பது சொல்லாமலே விளங்கும். புளி இந்தியில் இம்லி, மராத்தியில் சிஞ்ச். கொத்துமல்லி விதையை நாம் ‘தனியா’ என்கிறோம்; இந்தியிலும் அது ‘தனியா’தான். இதைக் கண்டு நம் மகள் கைகொட்டினாள்: “அம்மா, உனக்கு ஏற்கெனவே இந்தி தெரியும்!”

பொருள்களின் பெயர்களோடு அவற்றின் வரலாற்றையும் சிறிது சொல்லிக்கொடுத்தால், கடை ஒரு பள்ளிக்கூடமாகிவிடும். மும்பையில் உருளைக்கிழங்குக்குப் ‘பட்டாட்டா’ என்று பெயர். அது போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். உருளைக்கிழங்கும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. அவை வருவதற்கு முன்னே நம் முன்னோர் உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்தனர். மற்றொன்று பெருங்காயம். அது இல்லாமல் நம் சாம்பார் சாம்பாராகாது. ஆனால் அப்பிசினைத் தரும் செடி தமிழ்நாட்டில் விளைவதன்று. ஆப்கானித்தானம், ஈரான், மத்திய ஆசிய நாடுகள் ஆகியவற்றிலிருந்தே காலங்காலமாக அது வந்துகொண்டிருக்கிறது. நம் நாட்டிலும் பயிரிட வேண்டும் என்னும் முயற்சியாக, 2020ஆம் ஆண்டு அக்டோபரில் இமாசலப் பிரதேசத்தின் லாகூல் பள்ளத்தாக்கில் அறிவியலார் அதன் நாற்றுகளை நட்டனர். தமிழர் அடுக்களையின் மணமே தொலைதூரத்திலிருந்து வந்து குடியேறியது என்று கேட்கும் பிள்ளை, தானும் ஓர் ஊரைவிட்டு மற்றோர் ஊரில் வாழ்வதை எண்ணித் தாழ்வு கொள்ளாது.

அடுத்தது கணக்கு. நம் பாட்டிமார் ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று அளந்தார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். நிறுத்தலில் நாற்பது பலம் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்தின்படி, 1958 முதல் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் நாடெங்கும் வந்தன. அதற்குச் சற்று முன்பு, 1957 ஏப்ரல் முதல் நாள், பதினாறு அணாவாக இருந்த ரூபாய் நூறு காசாயிற்று. ஆயினும் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, “ஓர் ஆழாக்கு அரிசி எடுத்து வா” என்று பாட்டி சொன்னால் பேரப்பிள்ளை திகைக்கக் கூடாதல்லவா? ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துச் செல்லும் இவ்வளவைகளைவிட எளிய பெருக்கல் பாடம் ஒரு குழந்தைக்கு வேறு ஏது?

இன்றைய பொட்டலங்களிலும் பாடம் உண்டு. பொட்டலப் பொருள் ஒவ்வொன்றின்மீதும் நிகர எடை, உற்பத்தியான மாதம், ஆண்டு, வரிகள் அனைத்தும் அடங்கிய உச்ச சில்லறை விலை ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அவ்வுச்ச விலைக்கு மேல் கேட்பது குற்றம். அலகு ஒன்றுக்கு என்ன விலை என்பதையும் குறிக்கவேண்டும் என்று 2021இல் விதி திருத்தப்பட்டது. அதை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் ஒரு கேள்வி போடுங்கள்: அரைக் கிலோப் பொட்டலம் 90 ரூபாய், ஒரு கிலோப் பொட்டலம் 184 ரூபாய், எது மலிவு? பெரிய பொட்டலமே மலிவு என்று விளம்பரத்தை நம்பிச் சொல்லும். பிறகு விரல்விட்டு எண்ணி, இரண்டு சிறிய பொட்டலம் வாங்கினால் 4 ரூபாய் மிச்சம் என்று தானே கண்டுபிடிக்கும். அந்த 4 ரூபாயைக் காட்டிலும் அக்கண்டுபிடிப்பின் மகிழ்ச்சி பெரிது.

எழுத்தறியாத சிறுவனுக்கும் வேலை உண்டு. பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவ உணவு. பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவ உணவு. இந்த அடையாளங்களைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னால் மூன்று வயதுப் பிள்ளையும் கால்மணி நேரம் அலுக்காமல் விளையாடும். சற்று மூத்த பிள்ளைக்கு மூலப்பொருள் பட்டியலைக் காட்டலாம். எது மிகுதியாகச் சேர்ந்திருக்கிறதோ அதுவே முதலில் எழுதப்பட்டிருக்கும் என்பது விதி. ‘பழ ஊட்டம்’ என்று பெரிய எழுத்தில் முழங்கும் புட்டியின் பின்புறத்தில் முதற்சொல் தண்ணீர், இரண்டாவது சொல் சர்க்கரை என்றிருப்பதைத் தானே படித்துவிட்ட பிள்ளைக்கு வேறு உபதேசம் தேவையில்லை. எடைபோடும் இயந்திரத்தில் பொருளை வைப்பதற்கு முன் சுழி தெரிகிறதா என்று பார்க்கும் பொறுப்பையும் பிள்ளையிடமே கொடுக்கலாம். குறை இருப்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருத்தல் நலம்.

பணம் என்பது இன்றைய பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியாத பொருளாகிவிட்டது. 2016இல் கைப்பேசி வழிப் பணப் பரிமாற்ற முறை வந்தபின் பூக்காரியிடமும் கீரைக்காரரிடமும் கட்டங்கட்டமான ஒரு படத்தைக் காட்டினால் போதும் என்றாயிற்று. நம் மகன் ஒருநாள், “அப்பா, கைப்பேசியைக் காட்டினால் எல்லாம் கொடுப்பார்களே, ஏன் வாங்க மாட்டேன் என்கிறாய்?” என்று கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. பணம் குறைவதை அவன் ஒருநாளும் கண்டதில்லை. அன்றுமுதல் கடைக்குச் செல்லும்போது அவன் கையில் இருபது ரூபாய்த் தாள் ஒன்றைக் கொடுத்துவிடுகிறோம். கொத்துமல்லிக் கட்டு வாங்க வேண்டியது அவன் பொறுப்பு. மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவதும் அவன் பொறுப்பு. சில்லறை உண்டியலில் விழும் ஓசையைக் கேட்ட பிறகே அவனுக்குப் பணம் என்றால் என்ன என்பது ஒருவாறு விளங்கத் தொடங்கியது.

இனி, கடையில் தரையில் புரண்டு அழும் பிள்ளையைப் பற்றி. இதில் நாம் கற்றுக்கொண்டவை யாவும் அடிபட்டுக் கற்றவை. முதலாவது, பசித்த வயிற்றோடும் தூக்கக் கண்ணோடும் குழந்தையைக் கடைக்கு அழைத்துச் செல்லாதீர். மாலை உணவு கொடுத்து, சிறிது நீரும் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டால் பாதி அழுகை இல்லாமற் போகும். இரண்டாவது, என்ன வாங்கப் போகிறோம், என்ன வாங்கப் போவதில்லை என்பதை வீட்டு வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். மூன்றாவது, ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குழந்தைக்கே விட்டுவிட வேண்டும். “ஆப்பிளா, கொய்யாவா?” என்று கேட்டால் பிள்ளை பெருமையுடன் சிந்திக்கிறது. “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால் கடை முழுவதையும் கேட்கிறது.

நான்காவது நம்முடைய பெருங்குற்றம். பேரங்காடிகளில் பணம் செலுத்தும் இடத்தருகே, குழந்தையின் கண்மட்டத்துக்கு நேராக, இனிப்புகளை அடுக்கிவைத்திருக்கிறார்கள். அது தற்செயல் அன்று. வரிசையில் காத்துநிற்கும் நேரத்தில் குழந்தை கேட்கும், களைத்த தாய் மறுக்கமாட்டாள் என்பது வணிகம் அறிந்தவர்களின் கணக்கு. நாமும் ஒருமுறை மகனின் அழுகையை நிறுத்த ஒரு சாக்கலேட்டு வாங்கிக் கொடுத்தோம். அழுகை உடனே நின்றது. அடுத்த வாரம் வரிசைக்கு வருவதற்கு முன்பே அழுகை தொடங்கியது! அழுதால் கிடைக்கும் என்னும் பாடத்தை நாமே நடத்திவிட்டோம். அதை அவன் மறக்கச் சரியாக ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் நம்மையே பார்ப்பதுபோல் தோன்றியது. பார்த்தால் பார்க்கட்டும். அவர்களுள் பெரும்பாலோர் பிள்ளை பெற்றவர்களே. அழும் பிள்ளையை அடிப்பதும் தீர்வாகாது. பொருள்களை ஓரமாக வைத்துவிட்டு வெளியே தூக்கிச் சென்று, காற்றோட்டமாகச் சிறிது நேரம் நின்றால் போதும்.

பாதுகாப்பைப் பற்றியும் இரண்டொரு சொல். பேரங்காடியின் தள்ளுவண்டியில் குழந்தையை அதற்குரிய இருக்கையில் மட்டுமே அமர்த்த வேண்டும். கூடைக்குள் நிற்க விடலாகாது. அது சாய்ந்தால் தலைதான் முதலில் தரையில் மோதும். கூட்டத்தில் தவறிப்போனால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். இதில் நம்மவர்க்கு ஒரு தனித் தொல்லை உண்டு. “உன் அம்மா பெயர் என்ன?” என்று யாரோ இந்தியில் கேட்டால், நம் சிறுபிள்ளை தமிழில் “அம்மா” என்று விடை சொல்லும், தெருப்பெயரைக் கேட்டால் “எங்கள் வீடு” என்னும். ஆகவே பெற்றோரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் இவ்வூர் மொழியிலும் சொல்லப் பழக்குங்கள். பாட்டுப்போல் ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தால் மூன்று வயதுப் பிள்ளையும் பத்து எண்களை ஒப்பிக்கும். “தவறிப்போனால் நின்ற இடத்திலேயே நில், கடைச் சிப்பந்தியிடமோ, குழந்தையோடு வந்த ஓர் அம்மாளிடமோ சொல்” என்பதையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள். இடர்ப்பட்ட குழந்தைகளுக்கென நாடு முழுவதற்கும் உள்ள உதவி எண் 1098.

பையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் துணைவியார் நம்மை மன்னிக்கமாட்டார். மகாராட்டிரத்தில் 2018 முதலே பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உண்டு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கமே தொடங்கினார்கள். நம் வீட்டிலோ அது என்றும் மறையவில்லை. ஊர்த் திருமணங்களில் தாம்பூலத்தோடு வந்த மஞ்சள் பைகள் ஒரு டசன் கதவின் பின்னே தொங்குகின்றன. ஆளுக்கொரு பை, மகனுக்கும் ஒரு சிறு பை. அதில் அவன் தூக்குவது கறிவேப்பிலை மட்டும்தான். எனினும் தன் சுமையைத் தானே தூக்குகிறான்.

அந்தக் கறிவேப்பிலையைப் பற்றியும் ஒன்று. ஊரில் காய்கறிக்காரர் கொசுறாகக் கொடுப்பது அது. இங்கும் பல காய்கறிக்காரர்கள் கொத்துமல்லியும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் கேளாமலே பையில் போடுகிறார்கள். ‘கொசுறு’ என்னும் சொல்லை நம் மகன் மிகவும் விரும்பிக் கற்றான். விலைச்சீட்டில் இடம்பெறாத, ஆனால் அன்பின் அடையாளமாகக் கையில் வந்துசேரும் ஒரு சிறு பொருளுக்கு நம் மொழியில் தனிச்சொல் இருக்கிறது. கணினி போடும் விலைச்சீட்டு அதை அறியாது. வீட்டுக்கே பொருள் வரவழைக்கும் முறையிலும் அதற்கு இடமில்லை. அதைக் குழந்தை அறிய வேண்டுமானால் அது கடைக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும். கடைக்காரரும் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மீண்டும் அந்தப் பலசரக்குக் கடைக்கு வருகிறோம். குறிப்பேடு தொடங்கி ஏறத்தாழ இரண்டு மாதம் சென்றபின், துணைவியார் தாமாகவே, “இன்று நானும் வருகிறேன்” என்றார். நால்வரும் சென்றோம். அதே கடைப்பையன். துணைவியார் பட்டியலை எடுக்கவில்லை. அரிசி, துவரை, சீரகம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இந்தியில் கேட்டார். உளுந்தின் முறை வந்தது. நாம் மகளைப் பார்த்தோம். அவள் உதடுகள் அசைந்தன. ஆனால் குரல் எழவில்லை. தாயின் முகத்தை நோக்கியவாறு நின்றாள்.

“உதட்” என்றார் துணைவியார். மறுபடியும் பிறழ்ந்துவிட்டது! பையன் வாயைத் திறப்பதற்குள் அவரே சிரித்துவிட்டார். “உடத், உடத், ஒரு கிலோ” என்று திருத்திச் சொன்னார். பையனும் சிரித்தான்; ஆனால் இம்முறை அடுத்து நின்றவனைப் பார்த்து அன்று, அவரைப் பார்த்தே சிரித்தான். “இதை உங்கள் மொழியில் என்னவென்று சொல்லுவீர்கள், பாபீ?” என்று கேட்டான்.

விடை சொன்னவள் நம் மகள். “உளுந்து” என்றாள். அவன் சொல்லிப் பார்த்தான். ‘உலுந்த்’ என்று வந்தது. அவள் சிரிக்கவில்லை. மாட்டுங்காவின் முதியவர் அன்று செய்ததுபோல், சாக்கிலிருந்து நாலு மணியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, மறுபடியும் மெதுவாக, “உளுந்து” என்றாள்.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டுக் குறிப்பேட்டில் உள்ள சொற்களையும் எழுதி அனுப்புங்கள். தில்லி, கொல்கத்தா, பெங்களூரு, அகமதாபாது ஆகிய நகரங்களில் வாழ்வோர் தத்தம் ஊர்க் கடைகளில் வழங்கும் பெயர்களைத் தெரிவித்தால், அவற்றைத் தொகுத்து இப்பக்கத்தில் வெளியிடுவோம். எழுதும்போது குழந்தைகளைக்கொண்டே எழுதச் செய்யுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும், நாம் சிரிக்கமாட்டோம்.